முதலில் சிரித்தவள்

எங்கள் பெர்னடெட் மச்சாளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தது சுன்னாகத்திலிருந்து வந்த ஒரு சைவப் பிள்ளை. அதுவரைக்கும் குருநகர்க் கரையில் ஒருவருக்கும் அது தெரியாது. மச்சாளுக்கே தெரியாது.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற இடம் பிறகு வரும், அப்போது நானே சொல்வேன்.

என் பெயர் றோஸ். பெர்னடெட் என் அண்ணை சிமியோனின் மனைவி. எனக்கும் அவளுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற வயதில் கருவாட்டுக்குக் காகம் கலைத்தவர்கள். ஆனால் அவளுடைய தாய் லூர்த்தம்மா செபம் சொல்வதில் பெரிய கெட்டிக்காரி. மகளைப் பக்கத்தில் இருத்தி, செபப்புத்தகத்தை விரித்துப் பிடித்து, ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மகளும் தாளைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொல்லிப் பழகினாள். எந்தச் செபம் எந்தத் தாளில், எந்தப் படத்துக்குக் கீழே, எந்த எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் என்று அவளுக்கு அத்துப்படி. தாளைக் கண்டால் வாயில் சொல் வரும். வாசிப்பு என்றால் இதுதான் என்று அவள் நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அவள் கலியாணம் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் புத்தகமும் கூட வந்தது. அதன்பிறகு எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றாலும் தவக்காலம் என்றாலும் செபம் சொல்ல மச்சாள் வேண்டும். புத்தகத்தை விரித்துக்கொண்டு அவள் தொடங்கினால் குரல் கணீர் என்று தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் பாதியில் தூங்கிவிழுவேன். அவள் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள், ஒரு சொல் பிசகாது.

இனிக் கொம்பனிக் கதைக்கு வருகிறேன். கடையில் பாண் வாங்கக் கியூவில் நின்ற தட்டுப்பாட்டுக் காலம் அது. கரையோரமாக ஒரு றால் கொம்பனி திறந்திருந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை. ஈரத் தரையில் நின்றுகொண்டு றாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, பெரியது சிறியது பார்த்துத் தட்டுகளில் அடுக்குவோம். அது ஐஸ் அறைக்குள் போய்ப் பெட்டியாகிக் கப்பலேறும். எந்த நாட்டான் தின்றான் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கு.

ஒவ்வொருத்திக்கும் கழுத்தில் மாட்ட ஒரு தகர வில்லை தந்திருந்தார்கள். அதில் நம்பர் இருக்கும். நான் முப்பத்தொன்று. மச்சாள் பதினேழு. வாசலில் ஒரு கரும்பலகை. எந்த மேசையில் யார் நிற்பது என்று காலையில் மேசைத்தலைவி அதில் நம்பர்களை எழுதிப் போடுவாள். மேசைத்தலைவி என்றால் எங்களை மேய்க்கிறவள். டவுனிலிருந்து வந்த படித்த பிள்ளை. நம்பர் எங்களுக்கு நன்றாக விளங்கும். மீன் விற்கிற சனத்துக்குக் கணக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எழுத்துத்தான் எங்களிடம் இல்லை. எழுத்து இல்லாததால் பலகையில் எங்களுக்குப் பெயரும் இல்லை.

லூர்த்தம்மா மாமி செத்த அன்றைக்கு வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்து வாசலில் சொன்னது. மேசைத்தலைவி உள்ளே வந்து வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

“பதினேழு! உம்மடை அம்மா செத்துப்போனாவாம். உம்மை வரட்டாம்.”

அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை. எங்களை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், கூப்பிட்டாள். மச்சாள் கையிலிருந்த றாலைத் தட்டில் வைத்துவிட்டு நடந்தாள். அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“றோஸ், என்ரை அம்மா செத்த சேதி எனக்கு வரேல்லையடி. பதினேழுக்குத்தான் வந்தது.”

அன்றைக்கே எனக்குத் தெரியும், இவள் இதைச் சும்மா விடமாட்டாள்.

அடுத்த வருடம் பாஸ்குத் திருநாள் முடிந்த கையோடு மனேச்சர் சோமசேகரம் எங்கள் எல்லாரையும் வாசலில் கூட்டினார். சத்தம் போடாத மனிதர். எப்போதும் தலையிடி வந்தவர் மாதிரி நெற்றியைத் தடவிக்கொண்டே கதைப்பார். பக்கத்தில் நின்ற மேசைத்தலைவியைக் காட்டினார்.

“தைக்குப் பிறகு இந்தப் பிள்ளை வராது, கலியாணம். அதுக்குள்ளை நான் வேறை ஆள் பாக்கவேணும். ஐஸ் அறைச் சீட்டு வாசிக்கவும், பலகையிலை எழுதவும் தெரிஞ்ச ஆள். உங்களுக்குள்ளை ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. இல்லாட்டில் டவுனிலைதான் எடுக்கவேணும்.”

எல்லாத் தலையும் ஒரு பக்கமாகத் திரும்பியது. புத்தகம் பிடிக்கிறவள் வேறு யார் இருக்கிறாள்?

“நான் செய்வன் ஐயா,” என்றாள் மச்சாள். “வாசிப்பு என்னட்டை இருக்கு. எழுத்து மட்டும் பழகோணும்.”

“அப்ப பழகும். பொங்கல் முடிய ஒரு சோதினை வைப்பன். வாசிச்சுக் காட்டினீரெண்டால் நீர்தான்.”

வீட்டுக்கு வரும் வழியில் அவளுடைய நடையே வேறு. “நான் வந்தனெண்டால் முதல் வேலையா அந்தப் பலகையிலை எல்லாற்றை பேரையும் எழுதுவன்,” என்றாள். “ஒருத்தியையும் நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டன்.” சம்பளம் கூடுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

கோயில் சுவாமியும் கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்களும் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து ஒரு வளர்ந்தோர் வகுப்பு எடுத்துத் தந்தார்கள். கொம்பனி விட்டதும் பின்னேரம் சங்க மண்டபத்தில் வகுப்பு. படிப்பிக்க வந்தவள் கமலாவதி. சின்னப் பெண், சுன்னாகத்துத் தோட்டக்காரரின் மகள், நெற்றியில் திருநீறு. முதல்நாள் மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டுதான் நுழைந்தாள். நாங்கள் கொம்பனியிலிருந்து நேரே வந்திருந்தோம், அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் கிழமை லேஞ்சியைக் காணவில்லை. நல்ல பிள்ளை. எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

எழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டி, சிலேற்றில் எழுத வைத்து, கொஞ்சக் காலம் ஓடியது. பிறகு ஒருநாள், வீட்டில் இருக்கிற புத்தகம் எதையாவது கொண்டுவாருங்கள், வாசித்துப் பழகலாம் என்றாள். எங்கள் வீடுகளில் இருக்கிற புத்தகம் ஒன்றுதானே. மறுநாள் எல்லார் மடியிலும் செபப்புத்தகம்.

அன்று நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி எழும்பினாள், கடகடவென்று வாசித்தாள், இருந்தாள். அடுத்தவள் எழும்பினாள், அவளும் கடகட. கமலாவதி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சைவப் பிள்ளைக்கு எங்கள் செபங்களைப் பற்றி என்ன தெரியும்? எழுத்தில் இருப்பதையே நாங்கள் சொன்னோம், அவளும் எழுத்தைப் பார்த்தாள், ஒரு சொல் பிழையில்லை.

“என்ன அக்காமார், உங்களுக்கெல்லாம் வாசிப்புத் தண்ணிபட்ட பாடாக் கிடக்கு. நான் என்னத்தைப் படிப்பிக்க வந்தனான்?”

என் முறை வந்தது. செபத்தில் தூங்கிவிழுகிற எனக்கு எங்கே பாடம் இருக்கப் போகிறது? வேறு வழியில்லாமல் எழுத்தைப் பார்த்து, கூட்டிக் கூட்டி, வியர்த்து ஒழுகி ஒரு வரியை முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். “றோஸ் அக்கா, நீங்கள் கொஞ்சம் கூடப் பாடுபடவேணும்,” என்றாள் கமலாவதி. வகுப்பிலேயே மொக்குப் பட்டம் எனக்குத்தான். பாருங்கள் நியாயத்தை.

கடைசியாக மச்சாள். அவள் எழும்பினால் அது வகுப்பு மாதிரி இருக்காது, பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கும். கமலாவதி ஆசையோடு அவளுக்குப் பின்னால் போய் நின்று, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தானும் கண்ணால் வாசித்துக்கொண்டு வந்தாள். மச்சாள் ஒரு தாளைப் புரட்டினாள், தொடர்ந்தாள். கமலாவதியின் முகம் சுருங்கியது.

“அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ. நீங்கள் வாசிக்கிறது இந்தப் பக்கத்திலை இல்லையே.”

“ஏன் இல்லை? இதிலைதான் ரீச்சர்.”

கமலாவதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். எத்தனையோ தவக்காலத்து மெழுகுதிரி வடிந்து, அந்த இடத்தில் இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிப்போய்க் கிடந்தது. நகத்தால் மெல்ல மெல்லப் பிரித்தாள். மச்சாள் இப்போது சொன்னது அத்தனையும் உள்ளே இருந்தது.

“அக்கா, ஒட்டிக் கிடந்த தாளுக்குள்ளை இருக்கிறதை எப்பிடி வாசிச்சனீங்கள்?”

“அது அதுக்குள்ளைதானே ரீச்சர் இருக்கிறது,” என்றாள் மச்சாள், பச்சைப் பிள்ளை மாதிரி.

கமலாவதி பலகைக்குப் போய் ஒரு சொல்லை எழுதினாள். இதை வாசியுங்கோ அக்கா என்றாள். மச்சாள் முதல் எழுத்தைப் பார்த்தாள். உடனே வாயில் வந்தது, “ஆண்டவரே.” கமலாவதி மற்றவர்களைப் பார்த்தாள். பாதிப்பேர் ஆண்டவரே என்றார்கள், மீதிப்பேர் தரையைப் பார்த்தார்கள்.

“ஆடு,” என்றேன் நான்.

சரியாகச் சொன்னது நான் ஒருத்திதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு துளி சந்தோசம் வரவில்லை. மச்சாளின் முகம் அப்படி இருந்தது.

அவள் புத்தகத்தை மூடித் துணியில் சுற்றினாள். “அப்ப நான் இவ்வளவு காலமும் என்ன செய்தனான்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். யாரும் பதில் சொல்லுமுன் எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க வகுப்புப் பக்கம் அவள் தலைகாட்டவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிமியோன் அண்ணை தன்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னான்.

“உது தெரியாமல்தானே இவ்வளவு காலமும் சீவிச்சனாங்கள். விடு.”

“சீவிச்சது பெர்னடெட்,” என்றாள் அவள். “கொம்பனிக்குப் போறது பதினேழு.”

அண்ணைக்கு அது விளங்கவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இதற்குள் எங்கள் ஒழுங்கையில் செபமாலைக் கிழவர் செத்துப்போனார். வழக்கம்போல மச்சாளுக்கு ஆள் வந்தது. போனாள். கையில் புத்தகம் இல்லை. சனம் ஒருவரையொருவர் பார்த்தது, இரண்டொரு வாய் குசுகுசுத்தது. அவள் பிரேதத்தின் தலைமாட்டில் வெறுங்கையைக் குவித்துக்கொண்டு நின்று எல்லாச் செபத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு சொல் குறையவில்லை. அன்றைக்கு மட்டும் நான் தூங்கவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்து காலைக் கழுவும்போது சொன்னாள், “செபம் என்ரை நெஞ்சிலை இருக்கு. அதுக்குப் புத்தகம் தேவையில்லை, நான் இனிப் பொய்க்குப் பிடிக்கவும் மாட்டன். ஆனால் எழுத்தை நான் விடமாட்டனடி.”

மறுநாள் பின்னேரம் சங்க மண்டபத்தில் முதல் வரிசை வாங்கில் அவள் இருந்தாள். முன்னால் சிலேற்று. கமலாவதிக்கு அவளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

“ரீச்சர், என்னிலை ஒரு வருத்தம் இருக்கு,” என்றாள் மச்சாள். “ஒருக்கால் கேட்டது எனக்குப் பாடமாப் போகுது. முதல் எழுத்தைக் கண்டால் மிச்சத்தை வாய் தானாச் சொல்லுது. பஸ் ஸ்ராண்டுக்குப் போய் பஸ் பேரை வாசிச்சுப் பாத்தனான். எந்த இடத்திலை எந்த பஸ் நிக்கும் எண்டு எனக்கு முதலே தெரியும், அதுவும் சரிவரேல்லை. எனக்குத் தெரியாததை எழுதுங்கோ. உலகத்திலை ஒருத்தரும் சொல்லாததை எழுதுங்கோ.”

கமலாவதி கொஞ்ச நேரம் வெண்கட்டியைக் கையில் உருட்டினாள். பிறகு பலகையில் ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு வாசிக்கவில்லை, வாசிக்கச் சொல்லவும் இல்லை. கைகட்டி ஒரு பக்கமாக நின்றாள்.

நாங்கள் வாயை அசைத்து அசைத்துக் கூட்டினோம். ஆடு… சைக்கிளில்… சந்தைக்குப்… போனது. எனக்குத்தான் முதலில் விளங்கியது. ‘கெக்’ என்று சிரித்துவிட்டேன். பிறகு இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. யார் வாசித்து முடித்தது என்று கமலாவதி கேட்கவே தேவையில்லை. சிரித்தவள் வாசித்தவள். மச்சாள் சிரிக்கவில்லை. ஆண்டவர் ஏன் சைக்கிளில் போகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. கடைசி ஆளாக, நாங்களெல்லாம் சிரித்து ஓய்ந்த பிறகு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தாள். அது எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை, வாசித்துச் சிரித்ததுதான். பிந்திவந்தாலும் சொந்தச் சிரிப்பு.

அதன்பிறகு எங்கள் வகுப்பு அதுதான். ஒவ்வொரு நாளும் ஒரு விசர்க் கதை. திருக்கை மீன் பிளேன்ரீ குடிக்கும். தபால்காரர் பூவரச மரத்தில் காய்ப்பார். மண்டபத்துக்கு வெளியே வலை பொத்துகிற ஆம்பிளைகள் எங்கள் சிரிப்பைக் கேட்டுவிட்டு, “உவளவை படிக்கப் போறாளவையோ, கூத்தாடப் போறாளவையோ?” என்றார்கள். சொல்லட்டும். ஒவ்வொரு நாளும் முதலில் சிரிக்கிறவள் நான். மச்சாள் கடைசி. பிறகு கடைசிக்கு முதல். பிறகு நடுவில். அவள் வீட்டில் பானை சட்டி கழுவும்போதுகூட எழுத்துக் கூட்டினாள். உப்புச் சுற்றி வந்த கடதாசி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய்த் தகரம், ஒன்றையும் விடவில்லை. சிமியோன் அண்ணை வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் சந்தைக்குப் போனால் வெவ்வேறு கடையில் சாமான் வாங்கி வரத் தொடங்கினான். வெவ்வேறு கடதாசி கிடைக்கும் என்று.

மார்கழி மாதம், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்பு, நல்ல மழை. கமலாவதி நனைந்துகொண்டு வந்து பலகையில் எழுதினாள்: ‘விதானையார் தென்னைமரத்தில் முட்டை இட்டார்.’

நான் ஊர்த்தலைவரான விதானையாரை முடித்துவிட்டுத் தென்னைமரத்தில் ஏறத் தொடங்கியிருந்தேன். அப்போது முன்வாங்கிலிருந்து ஒரு சத்தம். சீலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்தியும் அடங்காமல், தோள் குலுங்க, பிறகு தலைப்பையும் விட்டுவிட்டு வாய்விட்டு, மச்சாள் சிரித்தாள். அவள் ஒருத்திதான். நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை. மண்டபம் முழுக்க அவளுடைய சிரிப்பு மட்டும் கேட்டது. செபத்துக்கு வருகிற அதே கணீர்க் குரல்.

கமலாவதி சுவரில் சாய்ந்துகொண்டு தானும் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் போயிருந்தது. அன்றைக்கு விதானையார் என்ன இட்டார் என்று நான் வாசிக்க வெகுநேரம் பிடித்தது, கண்ணில் தண்ணீர் மறைத்துவிட்டது.

பொங்கல் முடிந்தது. சோதனை நாள் வந்தது. மனேச்சரின் அறைக்கு ஒரு கண்ணாடி யன்னல் உண்டு. நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அதில் ஒட்டிக்கொண்டு நின்றோம். அவர் எங்களை விரட்டவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு சுவரைக் காட்டினார்.

“சரி, உதை வாசியும் பாப்பம்.”

சுவரில் தொங்கியது கொம்பனிச் சட்டதிட்டப் பலகை. தலைமயிரைத் துணியால் கட்ட வேண்டும், நகம் வெட்ட வேண்டும், கையில் காயம் இருந்தால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேசைத்தலைவி எங்களுக்கு அதை உரத்து வாசிப்பாள். செபத்தில் தூங்குகிற எனக்கே அது முழுக்கப் பாடம். மச்சாளுக்குக் கேட்கவா வேண்டும்? வேலை கிடைத்துவிட்டது என்று யன்னலுக்கு வெளியே நாங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம்.

மச்சாள் பலகையைப் பார்த்தாள். பிறகு மனேச்சரைப் பார்த்தாள்.

“ஐயா, உது வேண்டாம். உது எனக்குப் பாடம். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன். உது வாசிப்பில்லை. நான் காணாததைத் தாங்கோ.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யன்னலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். “விசரி! வாசியடி!” என்று கத்தினேன். கையில் கிடைத்ததைக் கடலில் எறிகிறாளே பாவி. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“பாடமெண்டால் இன்னும் நல்லதுதானே?” என்றார் சோமசேகரம்.

“இல்லை ஐயா. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நானும் நினைச்சனான்.”

அவர் மேசையில் கிடந்த அன்றைய பேப்பரை எடுத்து, உள்ளே எங்கேயோ ஒரு பக்கத்தை மடித்து, விரலால் ஒரு இடத்தைக் காட்டினார்.

மச்சாள் பேப்பரைக் கிட்டப் பிடித்தாள். அந்தக் கணீர்க் குரல் எங்கே போனதோ, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

“சுன்… சுன்னா… சுன்னாகம் சந்… சந்தையில்… சின்ன வெங்… வெங்காயத்தின் விலை… இவ்வாரம்… குறை… குறைந்துள்ளது.”

கூட்டத்தில் நின்று செபம் சொல்லும்போது தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சொல்கிறவள். அவள் திக்கித் திக்கி வாசிக்க, யன்னலுக்கு வெளியே நானும் அவளோடு வாயை அசைத்தேன். அடுத்தது ஒரு நீளச் சொல். கொள்வனவாளர்கள். வாங்குகிற சனத்துக்கு எந்த மடையன் இப்படி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தானோ. பாதியில் நின்றுவிட்டாள். மனேச்சர் பாவப்பட்டு வாயைத் திறந்தார்.

“சொல்லாதேங்கோ!” என்று அவள் கையை நீட்டி மறித்தாள். மனேச்சரை மறித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் மறுபடி அந்தச் சொல்லின் தொடக்கத்துக்கே போய், ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசி எழுத்துவரைக்கும் வந்து சேர்ந்தாள். காட்டிய இடம் முடிந்தது. நாங்கள் மூச்சுவிட்டோம். அவள் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொருதரம் பார்த்தாள்.

“உது பச்சைப் பொய் ஐயா. வெங்காயம் மலிஞ்சிருக்காம். எங்கை மலிஞ்சது? நேற்றுப் பின்னேரம் சந்தையிலை ஒரு சதம் குறைக்கமாட்டனெண்டு நிண்டவங்கள்.”

சோமசேகரம் சிரித்ததை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம். பல் தெரியச் சிரித்தார்.

“பேப்பரோடை சண்டை பிடிக்கிற அளவுக்கு வாசிப்பு வந்திட்டுது, பேந்தென்ன? திங்கட்கிழமை நீர் பலகையை எடும்.” ஒரு பேனையைத் திறந்துகொண்டு கேட்டார், “உம்முடைய பேர் என்ன?”

அத்தனை காலம் அவரிடம் வேலை செய்தவளிடம் அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மச்சாள் கையை நீட்டிப் பேனையை வாங்கினாள். பேப்பரின் ஓரத்தில், வெங்காயத்துக்குப் பக்கத்தில், தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை நாங்கள் போனபோது வாசலில் அவள் எங்களுக்கு முந்தி நின்றாள். கையெல்லாம் வெண்கட்டித் தூள். கரும்பலகையில் ஒரு நம்பரும் இல்லை. முதலாம் மேசை: பிலோமினா, அக்னேஸ், திரேசம்மா. இரண்டாம் மேசை: றெஜினா, மாகிறேற், றோஸ். எழுத்து ஏறி இறங்கி, வரி ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தது. ஆனால் எல்லாரும் இருந்தோம். ஒருத்தியும் விடுபடவில்லை.

யாரும் உள்ளே போகவில்லை. ஒவ்வொருத்தியும் முதலில் தன் பெயரைத் தேடினாள். கண்டுபிடித்த பிறகும் நகரவில்லை, பக்கத்தில் நிற்கிறவளின் பெயரைத் தேடினாள். திரேசம்மா அக்கா தன் பெயரைத் தொடப் போய், அழிந்துவிடும் என்று விரலைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். நான் என் பெயரைப் பார்த்தேன். ஒரே எழுத்தும் ஒரு புள்ளியெழுத்தும். அவ்வளவு சின்னப் பெயரைப் பார்க்க அவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி மடிக்குள் செருகினேன்.

உள்ளே இருந்து சோமசேகரம் வந்தார். “மணி அடிச்சாச்சு. என்ன செய்யிறியள் எல்லாரும்?”

“வாசிக்கிறம் ஐயா,” என்றேன்.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். அப்போதுதான் நாங்கள் பலகையின் அடிப்பக்கத்தைக் கவனித்தோம். பெயர்களெல்லாம் முடிந்த பிறகு, கீழே தனியாக ஒரு வரி இருந்தது. வாய்கள் அசையத் தொடங்கின. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள், ஒரு சத்தம் இல்லை. மச்சாள் பலகைக்குப் பக்கத்தில் வெண்கட்டியோடு நின்றுகொண்டு எங்கள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘பதினேழை நண்டு தின்றுவிட்டது.’

சிரிக்கிற இடம் இதுதான். நாங்கள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற ஆம்பிளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். சிமியோன் அண்ணையும் வந்தான். என்ன என்ன என்று கேட்டான். பலகையைக் காட்டினோம். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அடுத்த கிழமையே சங்க மண்டபத்துக் கடைசி வாங்கில் வந்து இருந்தான், அது வேறு கதை.

அன்றைக்கு யார் முதலில் சிரித்தது என்று இப்போதும் எங்களுக்குள் சண்டை. அக்னேஸ் தான்தான் என்கிறாள், பிலோமினா தான்தான் என்கிறாள். மச்சாளிடம் நியாயம் கேட்டால், எல்லாரும் ஒன்றாகத்தான் சிரித்தீர்கள் என்று சொல்லி மழுப்பிவிடுகிறாள். அவள் மேசைத்தலைவி, அப்படித்தான் சொல்வாள். ஆனால் முதலில் சிரித்தது நான்தான்.